லார்ட்ஸுக்கு வந்த கிராமத்தார்

மூன்றாவது தடவை படிக்கும்போதும் சிரிப்பு வந்த இடத்திலேயே சிரிப்பு வந்தால், அந்தப் புஸ்தகத்தில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். ஏ. ஜி. மக்டனல் 1933-ல் எழுதிய 'இங்லண்ட், தேர் இங்லண்ட்' அப்படிப்பட்ட ஒரு நாவல். நாவல் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் உபசாரம்தான். 1914-ல் தொடங்கிய யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய டொனால்ட் காமரன் என்ற ஸ்காட்லாந்து வாலிபன், பிரசுரகர்த்தர் ஒருவரின் தூண்டுதலால், இங்கிலீஷ்காரர்களைப் பற்றிப் புஸ்தகம் எழுதுவதற்காக அவர்களைச் சுற்றிப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. அவன் பார்த்ததில் வாசகர்களின் ஞாபகத்தில் நின்றுவிட்டது ஒரே ஒரு அத்தியாயம். கெண்ட் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை நடக்கும் கிரிக்கெட் ஆட்டம் அது.

லண்டனிலிருந்து எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் ஒரு கோஷ்டியாக வந்து இறங்குகிறார்கள். எதிர்க்கட்சி கிராமத்தார். மைதானம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. ஊர்க் கொல்லன்தான் வேகப் பந்து போடுபவன். பந்து போட அவன் பின்னால் நடந்து போகிறான், போகிறான், சரிவில் இறங்கிக் கண்ணுக்கே மறைந்துவிடுகிறான். அப்புறம் மேட்டுக்கு மேலே தலை தெரிகிறது, உடம்பு தெரிகிறது, ராக்ஷஸன் மாதிரி ஓடி வருகிறான். கடைசியில் இரண்டு கட்சியும் ஒரே எண்ணிக்கையில் நிற்கும்போது பந்து ஆகாயத்தில் எழும்புகிறது. அதைப் பிடிக்க நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்து மோதிக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் எப்படியோ கேட்ச் பிடிபட்டு, ஆட்டம் வெற்றி தோல்வியில்லாமல் முடிகிறது. இதைச் சொல்லிக் காட்ட முடியாது, படிக்கத்தான் வேண்டும்.

இப்படிச் சிரித்து முடித்த ஒரு நாளில்தான் வேறொரு ஆட்டத்தின் கணக்கு என் கண்ணில் பட்டது. அது நிஜமாக நடந்தது, 1985-ல், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில். ஆடியவர்கள் இரண்டு கிராமத்தார். ஒன்று இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர், ஸர்ரே எல்லையில் உள்ள ரௌலெட்ஜ். மற்றது ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பிரதேசத்தைச் சேர்ந்த ஃப்ரூக்கி. முதலில் ஆடிய ரௌலெட்ஜ் 134 ரன்னுக்கு எல்லா விக்கெட்டையும் இழந்தது. ஃப்ரூக்கி எடுத்ததும் 134. ஆனால் இழந்தது 8 விக்கெட்தான். ரன் சமமானால் குறைவான விக்கெட் இழந்தவருக்கு வெற்றி என்பது அந்தப் போட்டியின் விதி. ஆகவே கோப்பை ஸ்காட்லாந்துக்குப் போயிற்று.

மக்டனலின் நாவலில் ஒரு ஸ்காட்லாந்துக்காரன் இங்கிலீஷ் கிராமத்துக்குப் போய், சமமாக முடிந்த ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். 52 வருஷம் கழித்து ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்று பாக்பைப் வாத்தியம் முன்னே முழங்க லார்ட்ஸுக்கு வந்து, சமமாக முடிந்த ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டு போயிற்று. எந்த நாவலாசிரியனாவது இப்படி எழுதியிருந்தால், ஜோடிப்பு அதிகம் என்று நானே விமரிசனம் செய்திருப்பேன்.

ஃப்ரூக்கி என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. பக்கத்தில் ஃபாக்லண்ட் என்ற ஊரில் ஸ்காட்லாந்து ராஜாக்களின் அரண்மனை இருந்தது. ராஜாவின் கோபத்துக்கு ஆளானவர்களை ஃப்ரூக்கிக்குத் துரத்துவார்களாம். ஃப்ரூக்கிக்குப் போய் எலியைத் தின்னு என்று ஸ்காட்லாந்தில் ஒரு வசவு வழக்கமே ஏற்பட்டுவிட்டது. நம் உத்தியோகஸ்தர்கள் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்பார்களே, அதே ரகம். அந்தத் தண்ணியில்லாக் காட்டுக்காரர்கள்தான் லார்ட்ஸ் பெவிலியன் மாடியில் கோப்பையோடு நின்றார்கள்.

இந்தப் போட்டியைத் தொடங்கியது 'தி கிரிக்கெட்டர்' பத்திரிகை, 1972-ல். ஹேக் விஸ்கிக் கம்பெனி பணம் கொடுத்தது. கிராமத்துக் கிரிக்கெட்டுக்கு மதுவின் ஆதரவு என்பது பொருத்தம்தான், மைதானத்துக்கு எதிரே சாராயக்கடை இல்லாத கிராமத்து ஆட்டத்தை நான் எந்த இங்கிலீஷ் புஸ்தகத்திலும் படித்ததில்லை. நூற்றுக்கணக்கான ஊர்கள் கோடை முழுவதும் தங்கள் வட்டாரத்தில் ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டே வந்து, மிஞ்சிய இரண்டு மட்டும் லார்ட்ஸில் 40 ஓவர் ஆட்டம் ஆடும் என்று ஏற்பாடு. முதல் வருஷமே ஜெயித்தது ட்ரூன், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலில், தகரச் சுரங்கங்கள் இருந்த சீமையில் உள்ள ஊர். அதே ஊர் 1973-லும் 1976-லும் மறுபடி ஜெயித்தது. ஐந்து வருஷத்தில் மூன்று தரம்.

மூன்று தரம் என்பதைக் கவனிக்க வேண்டும். அதிர்ஷ்டத்தால் ஒரு தரம் ஜெயிக்கலாம். ஆகாயத்தில் எழும்பிய பந்து யார் மண்டையிலாவது பட்டுக் கையில் விழுந்து ஒரு தரம் ஜெயிக்கலாம். மூன்று தரம் ஜெயிக்க ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் எனக்கு மக்டனலோடு சண்டை தொடங்குகிறது.

அந்த அத்தியாயத்தை நாலாவது தடவையாக எடுத்து, சிரிக்காமல் படித்துப் பார்த்தேன். கொல்லனுக்கு வீடு உண்டா, பெண்டாட்டி உண்டா, அவன் பந்து போட எங்கே கற்றான், இந்த ஆட்டத்தில் தோற்றால் அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வருமா என்பதெல்லாம் தெரியவே தெரியாது. லண்டன் கோஷ்டியில் ஒவ்வொருவரையும் பற்றி நமக்கு ஏதோ தெரியும். அந்தக் கோஷ்டிக்குத் தலைவராக வரும் ஹாட்ஜ் என்ற பாத்திரமே ஜே. சி. ஸ்க்வயர் என்ற நிஜப் பத்திரிகாசிரியரின் சாயல். அவர் நிஜமாகவே 'இன்வாலிட்ஸ்' என்ற கோஷ்டியைச் சேர்த்துக்கொண்டு கிராமம் கிராமமாக ஆடப் போனவர். கிராமத்தார் மட்டும் வெறும் தொழில் பெயர்கள். கொல்லன் ஒரு சம்மட்டி, ஒரு ஓட்டம். காரணம் ரொம்ப எளிது. ஆசிரியர் லண்டன் வண்டியில் வந்து இறங்கினார், ராத்திரி அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்தச் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து மைதானம் சரிந்திருந்தால் அது ஹாஸ்யம். லார்ட்ஸ் மைதானமும் சரிவுதான். வடக்குப் பக்கத்துக்கும் தெற்குப் பக்கத்துக்கும் சுமார் 8 அடி வித்தியாசம். அங்கே அதற்குப் பெயர் பாரம்பரியம். அதில் பந்து எப்படித் திரும்பும் என்று நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சரிவு ஒன்றுதான், பார்க்கிறவன் நிற்கும் இடம் வேறு.

இந்தச் சிரிப்பு ஆதியிலிருந்து இருந்ததில்லை. ஜான் நைரன் என்பவர் சொல்ல, கவி கீட்ஸின் சிநேகிதரான சார்ல்ஸ் கௌடன் கிளார்க் எழுதித் தொகுத்த புஸ்தகம் ஒன்று 1833-ல் வெளிவந்தது. ஹாம்ப்ஷயரில் ஹாம்பிள்டன் என்ற கிராமத்துச் சங்கத்தைப் பற்றியது. நைரனின் தகப்பனார் அந்த மைதானத்துக்கு எதிரே விடுதி நடத்தியவர், ஆட்டத்தில் அந்தச் சங்கத்துக்கே தலைவர் மாதிரி. பணமும் பந்தயமும் பிரபுக்களுடையது. ஆட்டம் செருப்புத் தைக்கிறவர், குயவர், ஆட்டிடையன், குடியானவர் மகன் இவர்களுடையது. 1777-ல் இவர்கள் இங்கிலாந்து முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த ஒரு கட்சியை ஒரு இன்னிங்ஸும் 168 ரன்னும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். நைரன் இவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு இடத்தில்கூட மேலேயிருந்து குனிந்து பார்ப்பதில்லை. புராண வீரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறார். ஒருவன் கை எப்படி வளைந்தது, ஒருவன் பந்து எப்படி நிலத்தைத் தொட்டுக் கிளம்பியது என்று அணு அணுவாக ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார். கிரிக்கெட்டைப் பற்றி இங்கிலீஷில் வந்த புஸ்தகங்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பிரபுக்கள் ஆட்டத்தை லண்டனுக்கு எடுத்துப்போனார்கள். தாமஸ் லார்ட் என்ற வியாபாரி 1787-ல் அவர்களுக்காக ஒரு மைதானம் அமைத்தார். இடம் இரண்டு தரம் மாறி, 1814-லிருந்து இப்போதுள்ள இடத்தில் இருக்கிறது. மாறும்போதெல்லாம் புல் தரையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார் என்பது சரித்திரம். புல்லை எடுத்துப்போனவர்கள் ஆட்களையும் எடுத்துப்போனார்கள். ஹாம்பிள்டன் வீரர்களில் தலைசிறந்தவனான வில்லியம் பெல்டாம் வருஷக்கணக்கில் லார்ட்ஸில் ஆடியவன். அவன் பிறந்த ரெக்கிள்ஷம் ரௌலெட்ஜுக்குப் பக்கத்து ஊர். ஆக 1985-ல் லார்ட்ஸுக்கு வந்து தோற்றுப்போன அந்த ஊர்க்காரர்களை அங்கே புதியவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சீமை ஆள் அந்தப் பெயருள்ள மைதானம் ஏற்பட்ட நாளிலேயே அங்கே மட்டை பிடித்தவன்.

லார்ட்ஸ் நிலைத்த பிறகுதான் கிராமத்து ஆட்டம் என்பது ஒரு தனி ரகமாகிறது. மேரி ரஸ்ஸல் மிட்ஃபர்ட் என்ற அம்மாள் 1824-லிருந்து 'அவர் வில்லேஜ்' என்று ஐந்து தொகுதி எழுதினாள். அதில் கிராமத்து ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. நான் சொல்லப்போவது லார்ட்ஸில் காசுக்காக நடக்கிற ஆட்டத்தைப் பற்றியல்ல என்றுதான் அவள் தொடங்குகிறாள். அன்போடுதான் எழுதுகிறாள், சந்தேகமில்லை. ஆனால் லார்ட்ஸ் என்ற பெயரைச் சொல்லாமல் கிராமத்து ஆட்டத்தைச் சொல்ல அவளாலேயே முடியவில்லை. அப்புறம் டிக்கன்ஸ் வந்தார். 1836-ல் தொடர்கதையாகத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் டிங்லி டெல் கிராமத்துக்கும் மகிள்டன் என்ற பட்டணத்துக்கும் ஆட்டம் நடக்கிறது. டிக்கன்ஸுக்குக் கிரிக்கெட் அவ்வளவாகத் தெரியாது என்பது அந்தப் பக்கங்களைப் படித்தாலே தெரியும். தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. சாப்பாடும் பிரசங்கமும்தான் அவருக்கு முக்கியம். மக்டனல் வரைக்கும் இந்த வழி நேராக வந்துவிடுகிறது.

இந்த வழியை விட்டு விலகி எழுதியவர் ஒருவர் இருக்கிறார். ஹ்யூ டி ஸெலின்கோர்ட் என்பவர் 1924-ல் எழுதிய 'தி கிரிக்கெட் மாட்ச்'. டில்லிங்ஃபோல்ட் என்ற கிராமம். பெயர் கற்பனை, ஊர் ஸஸெக்ஸில் அவர் தாமே ஆடிவந்த ஸ்டாரிங்டன். 1921 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலையிலிருந்து இரவு வரை, அவ்வளவுதான் நாவல். ஆட்டம் தொடங்கவே எத்தனையோ பக்கம் ஆகிறது. அதற்கு முன்னால் நாம் வீடு வீடாகப் போகிறோம். கூலிக்காரன் ஒருவன் வீட்டில் நிம்மதி இல்லை. ஹொரேஸ் என்ற பையன் இன்று தனக்கு ஆட இடம் கிடைக்குமா, கிடைத்தால் பந்தைத் தவறவிட்டுவிடுவோமா என்று தவித்துக்கொண்டு எழுந்திருக்கிறான். பெரிய பங்களாவின் பிள்ளை தாமதமாக எழுந்திருக்கிறான். காலையில் எழும்போதே இவர்கள் ஒரே ஊராரானாலும் ஒரே உலகத்தில் இல்லை. மத்தியானம் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சில மணி நேரம் ஒரு கட்சியாகிறார்கள். ராத்திரி மறுபடி பிரிந்துவிடுகிறார்கள்.

ஹாஸ்யம் இதிலும் இருக்கிறது, மக்டனலைவிட மெல்லியது. ஆனால் ஹொரேஸை நோக்கிப் பந்து வரும்போது நாம் சிரிப்பதில்லை. காலையிலிருந்து அவனோடு இருந்திருக்கிறோமே! கலை என்று பார்த்தால் இந்த நாவலிலும் குறை உண்டு. ஆசிரியர் இடையிடையே நம் தோளைத் தட்டி நல்ல வார்த்தை சொல்லத் தொடங்கிவிடுகிறார். கட்சித் தலைவனாக வரும் கோவினியர் ஆசிரியரே வேஷம் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறான், அவனைப் பற்றிய பக்கங்களில் கொஞ்சம் தற்பெருமை வாடை. இருந்தாலும் இதைத்தான் நான் நாவல் என்பேன்.

எல். பி. ஹார்ட்லியின் 'தி கோ-பிட்வீன்' (1953) நாவலிலும் பங்களாவுக்கும் கிராமத்துக்கும் ஆட்டம் வருகிறது. குடியானவன் டெட் அடித்த பந்தைப் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்த சிறுவன் பிடித்துவிடுகிறான். அவ்வளவு கூர்மையான அத்தியாயம் வேறு எங்கும் கிடையாது. ஆனால் அங்கே கிரிக்கெட் வேறு ஒரு காரியத்துக்கு வந்த சாட்சி, அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

என் இலக்கிய நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஓய், மக்டனல் சிரிக்க வைத்தார், நீர் சிரித்தீர். சிரித்துவிட்டு அவர் மேல் கேஸ் போடுகிறீரே, இது என்ன நியாயம்?" என்றார். நியாயமான கேள்விதான். நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு என் சொந்தக் கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்து நாடகத்தைப் பற்றி ஒரு கதை எழுதினேன். ராஜபார்ட் போடுபவர் ஊர்த் தச்சர். வசனம் மறந்துபோகிறது, மீசை பாதி கழன்று தொங்குகிறது, பின்பாட்டுக்காரர் வேறு சுருதியில் போகிறார். பலரும் பாராட்டிய கதை அது. அந்த ஊர்ப் பெரியவர், நிஜமான தச்சர், அதை யாரோ படித்துக் காட்டக் கேட்டிருக்கிறார். அடுத்த தரம் நான் போனபோது சொன்னார்: "தம்பி, கதை கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன். மாசியிலேருந்து ராவெல்லாம் ஒத்திகை பாத்தோமே, அதை ஒரு வரி போட்டிருக்கலாம்."

ஒத்திகையை நான் பார்க்கவில்லை. நாடகத்தன்று சாயங்கால பஸ்ஸில்தான் போய் இறங்கினேன்.

ட்ரூன்காரர்களும் ஃப்ரூக்கிக்காரர்களும் லார்ட்ஸுக்கு வந்ததில் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இந்த ஒத்திகைதான். வேலை முடிந்து வந்து இருட்டுகிற வரையில் பந்து போட்டுப் பழகுவது, புல் வெட்டுவது, கோடையில் ஒவ்வொரு சுற்றாகத் தோற்காமல் தாண்டுவது, இதெல்லாம் ஹாஸ்யக் கட்டுரைக்குள் அடங்காது. லார்ட்ஸ் வாசலுக்குள் நுழைந்த பிறகு என்ன ஆகிறது என்பதும் அப்படித்தான். அந்தப் பெவிலியனில் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து மாடிப்படி இறங்கி, நீள அறை என்று சொல்லப்படும் பெரிய கூடத்தின் வழியாக, பழைய சித்திரங்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் நடுவே நடந்துதான் மைதானத்துக்குப் போகவேண்டும். 1975-ல் டேவிட் ஸ்டீல் இங்கிலாந்துக்காக முதல் முதலாக ஆட வந்தபோது, ஒரு படிக்கட்டு அதிகமாக இறங்கிக் கீழ்த்தளத்துக் கழிப்பறையில் போய் நின்றார் என்பது பிரசித்தமான கதை. லார்ட்ஸுக்கு ஏற்கனவே வந்து ஆடியவர்தான், எப்போதும் விருந்தாளிக் கட்சியின் அறையிலிருந்து இறங்கிப் பழகியவர். வழி தெரிந்து வெளியே வந்து 50 ரன் எடுத்தார். தொழில் ஆட்டக்காரருக்கே அந்தக் கதி என்றால், ஆயுளில் ஒரே ஒரு தரம் அந்தப் படியில் இறங்கப்போகும் கிராமத்துக் கொத்தனுக்கு எப்படி இருக்கும்? அந்த நடையை எழுதிய நாவல் நான் படித்த வரையில் இல்லை.

அந்தப் படியில் யார் இறங்கலாம் என்பதிலும் கதை இருக்கிறது. ஈட்டன், ஹாரோ என்ற பணக்காரப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் 1805-லேயே லார்டின் மைதானத்தில் ஆடினார்கள். கவி பைரன் அன்று ஹாரோ கட்சியில் ஆடியவர். இந்த ஆட்டத்தை லார்ட்ஸிலிருந்து எடுத்துவிடுவதாக 2022-ல் சங்கம் அறிவித்தபோது, உறுப்பினர்களில் ஒரு சாராரின் எதிர்ப்பால் பின்வாங்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து 167 வருஷம் கழித்துத்தான் கிராமங்களுக்கென்று அங்கே ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவன் வாசலில் நின்றான், கற்றுக்கொண்டவன் பேரன் உள்ளே இருந்தான்.

நண்பருக்கு என் பதில் இதுதான். மக்டனலைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் பிரியம் உண்டு. நம் பூனாவில் 1895-ல் பிறந்தவர், 1941-லேயே போய்விட்டார், லார்ட்ஸில் கிராமத்தார் ஆடியதைப் பார்க்கவில்லை. படிக்கிற வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் நைரன், பிறகு டி ஸெலின்கோர்ட், கடைசியாக மக்டனல். அந்தக் கடைசிப் பந்து ஆகாயத்தில் எழும்பும் பக்கம் வந்ததும் புஸ்தகத்தை ஒரு நிமிஷம் மடித்து வைத்துவிட்டு, 134-க்கு 134 என்ற அந்த 1985-ம் வருஷத்துக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ரன் சமமான பிறகு ஃப்ரூக்கிக்காரர்களுக்கு அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, விக்கெட்டைக் காப்பாற்றினால் போதும். ஆகாயத்தில் எதையும் தூக்கி அடிக்காமல் மட்டையை நேராகத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். அப்புறம் புஸ்தகத்தைத் திறந்து மேலே படியுங்கள். நான் அப்படித்தான் ஐந்தாவது தடவை படித்தேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.